ஆட்டுப்பட்டிக்கு ராத்திரி சிறுத்தையோ நரியோ வந்தால்: லைட் அடிக்கலாமா, துரத்தலாமா?

நாங்கள் தாளவாடிப் பக்கம் காட்டோரத்தில் ஆடு வளர்க்கிறோம். போன வருடம் அடுத்தடுத்து நான்கு குட்டிகள் போனபோது எனக்கு விதி எதுவும் தெரியாது. அதை எழுதி வைக்கிறேன்.

1. எந்த மிருகம் என்று பாருங்கள்

விடிந்ததும் பட்டியைச் சுற்றி ஈர மண்ணில் தடம் தேடுங்கள். நரி, நாய்த் தடத்தில் நகம் பதிந்திருக்கும். சிறுத்தைத் தடத்தில் பெரும்பாலும் பதியாது. சிறுத்தை கழுத்தைக் கவ்வி, ஆட்டை இழுத்துக்கொண்டு போகும். பல ஆடுகள் தொடையில் கடிபட்டுக் கிடந்தால் தெருநாய்கள்மேல் சந்தேகப்படுங்கள்.

2. துரத்திக்கொண்டு போகாதீர்கள்

நான் தவறியது இங்கேதான். ஐந்தாவது தடவை நாய் குரைத்ததும் தம்பியும் நானும் பெரிய சர்ச் லைட்டோடு பைக்கில் கிளம்பினோம். வெளிச்சத்தில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. ஓடை வரைக்கும் விரட்டினோம். கையில் துப்பாக்கி இல்லை, அதனால் தப்பில்லை என்றே நினைத்தோம்.

மறுநாள் வந்த வனக்காப்பாளர் பொறுமையாக விளக்கினார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமில்லை. விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, இரை கட்டி வரவழைப்பது, விரட்டி ஓட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். பட்டிக்குள் நின்று சத்தம் போடுவது வேறு, லைட்டோடு பின்னாலேயே போவது வேறு.

"நரிதானே" என்றும் நினைக்க வேண்டாம். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் சிறுத்தையைப் போலவே நரியும் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு பெறும் விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பயன்படுத்திய வண்டியும் பறிமுதலாகும்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் தன்னையோ இன்னொரு மனிதரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு தாக்கினால் குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விலக்கு மனித உயிருக்குத்தான். ஆட்டுக்கு இல்லை.

3. லைட்டைப் பட்டியிலேயே வையுங்கள்

கையில் பிடிக்கும் சர்ச் லைட் எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை. பக்கத்தில் ஆளோ மிருகமோ அசைந்தால் எரியும் சென்சார் சோலார் லைட்டுகளை நான்கு மூலையிலும் மாட்டியிருக்கிறேன். விடிய விடிய எரியும் பல்பு எனக்குப் பிடிக்காது. மிருகம் அதற்குப் பழகிவிடும். திடீரென்று எரிவதுதான் மிரட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள்.

லைட்டைவிட முக்கியம் கூரை. சிறுத்தை சுவர் ஏறும். செயின் லிங்க் வலையை மேலேயும் போட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். எங்கள் பட்டியில் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. நரி அதில்தான் நுழைந்தது. ஒரு வரிசைக் கல் பதித்ததும் நின்றது.

வேலியில் வீட்டுக் கரண்டை இழுத்து விடாதீர்கள். மனுஷனே செத்துப்போவான்.

4. ஆடு செத்துவிட்டால்

உடலை நகர்த்தாமல், தடம் அழியாமல், போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அரசு கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று இருந்தால்தான் இழப்பீட்டு மனு நகரும். முதல் குட்டியை நாங்கள் உடனே புதைத்துவிட்டோம். அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு சேர்த்தது: காட்டுப்பன்றியைச் சுடலாமாமே என்று பலர் கேட்டார்கள். 2025இல் தமிழக அரசு அறிவித்ததன்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள்தான், நாம் இல்லை. புகார் மனு கொடுப்பதுதான் நம் வேலை.