பதினேழாவது ஸ்லைடில் என்னை நிறுத்தினார்கள்

முதல்முறை பெரிய கூட்டத்தில் பேசப் போனபோது என் கையில் 42 ஸ்லைடுகள் இருந்தன. கொடுத்த நேரம் 20 நிமிடம். கணக்கு உதைக்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளர். ஆறு பம்புகள் ஓராண்டில் எத்தனை முறை பழுதாயின, ஏன் பழுதாயின என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கண்விழித்துச் சேர்த்த தகவல் அத்தனையும் ஸ்லைடுகளில் ஏறியிருந்தது. பதினேழாவதில் தலைமை வகித்தவர் கையை உயர்த்தினார். "எல்லாம் சரி அம்மா, இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

பதில் 39ஆவது ஸ்லைடில் இருந்தது. என் வாயில் இல்லை.

இப்போது எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் விளக்கவுரைக்கு முன் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லேப்டாப்பை மூடி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "இதைக் கேட்டு முடித்ததும் இவர்கள் இன்னதைச் செய்ய வேண்டும்." அந்த 'இன்னது' என்ன? 'புரிந்துகொள்ள வேண்டும்', 'விழிப்புணர்வு பெற வேண்டும்' என்று எழுதி வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமலே அதையெல்லாம் செய்துவிடலாம். செய்தார்களா என்று யாராலும் பார்க்கவும் முடியாது. "மூன்றாம் பம்பை மாதம் ஒருமுறை நிறுத்தித் திறந்து பார்க்க அனுமதி தர வேண்டும்" என்பது வாக்கியம். பாடம் எடுப்பவராக இருந்தால், "இந்த வகைக் கணக்கை வீட்டில் தாமாகவே போட்டுப் பார்க்க வேண்டும்" என்று எழுதலாம். இந்த வாக்கியம் அமையாவிட்டால் கூட்டம் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும் என்பது என் கட்சி.

அடுத்து, எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிதிப் பிரிவினருக்குப் பம்ப் நின்றால் எவ்வளவு இழப்பு என்பது வேண்டும். பேரிங் எந்த வகை என்பது வேண்டாம். ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு நேர்மாறு. ஒரே விளக்கவுரையை இருவருக்கும் எடுத்துப் போனால் ஒரு பாதி எப்போதும் தூங்கும்.

பிறகு சேர்த்து வைத்த தகவல்களை எல்லாம் கொட்டி, ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு வலு சேர்க்காதது எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வெளியே. இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது. இரண்டு நாள் உழைத்துப் போட்ட வரைபடத்தை எடுத்துவிடச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. நாம் பட்ட பாட்டைக் காட்டுவதற்காக யாரும் கூட்டம் கூட்டவில்லை.

வாயால் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் விளக்கவுரை தயாராவது கணினியில் அல்ல, வாயில். பெரும்பாலானவர்கள் ஸ்லைடுகளை மனத்துக்குள் படித்துப் பார்த்துவிட்டு 'ஒத்திகை முடிந்தது' என்கிறார்கள். கண்ணுக்கு மூச்சு வாங்குவதில்லை, நாக்குக் குழறுவதில்லை. அதனால் கண் எதையும் சரி என்றுதான் சொல்லும்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என்னிடம் எழுதிக் கொண்டுவந்த வாக்கியம் இது: "மேற்கண்ட தரவுகளின் அடிப்படையில் பராமரிப்புக் கால அட்டவணையை மறுபரிசீலனை செய்வதற்கான தேவை எழுந்துள்ளது தெளிவாகிறது." தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். 'மறுபரிசீலனை'யில் ஒரு தடுக்கல், 'எழுந்துள்ளது' வருவதற்குள் மூச்சு முடிந்தது. "தம்பி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் அண்ணனிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள்" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பம்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம். அது போதாது. மாதம் ஒருமுறை திறக்க வேண்டும்." அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். கூட்டத்திலும் அதைத்தான் சொன்னார்.

ஆகவே என் வரிசை இது. எழுந்து நின்று, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஸ்லைடு எதுவும் இல்லாமல் முழுவதையும் ஒருமுறை பேசிவிடுவேன். கேவலமாகத்தான் இருக்கும். எங்கே திணறினேனோ அங்கே எனக்கே விஷயம் சரியாகப் புரியவில்லை என்று பொருள். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படிப்பேன். இரண்டாம் முறை கடிகாரம் வைத்துப் பேசுவேன். 20 நிமிடம் கொடுத்தால் 15 நிமிடத்தில் முடியும்படி வெட்டுவேன், ஏனென்றால் கூட்டம் தாமதமாகத்தான் தொடங்கும், இடையில் யாராவது கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். மூன்றாம் முறை, விஷயமே தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பேசுவேன். பாவம், என் வீட்டில் எல்லோருக்கும் பம்புகளைப் பற்றி வேண்டியதற்கு மேல் தெரியும்.

ஒலிப்பதிவைக் கேட்பது கொடுமை. ஆனால் 'வந்து' என்ற சொல்லை நான் ஒரு நிமிடத்தில் ஒன்பது முறை சொல்கிறேன் என்பதை வேறு எவரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள்; ஒரு சொல் நழுவினால் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். முதல் நான்கு வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பதைப் பகுதி பகுதியாகத் தெரிந்து வைத்தால் போதும். எந்தப் பகுதியை எடுத்தாலும் கட்டடம் விழாதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள். "மன்னிக்கவும், பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள முடியுமா?" என்று கடைசி நேரத்தில் கேட்பார்கள். அப்போது வேகமாகப் பேசாதீர்கள். குறி போட்டதை விட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்லைடு

2003 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் அந்த ஆபத்தை மதிப்பிட்டு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். அதன் கீழே, உள்ளே தள்ளித் தள்ளிப் போட்ட புள்ளிகளின் கடைசி வரியில் ஒரு செய்தி கிடந்தது. துண்டின் அளவு 1,920 கன அங்குலம், முந்தைய சோதனையில் இருந்ததோ 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! மூத்த அதிகாரி ஒருவர் இந்த ஸ்லைடைப் படித்தாலும் உயிர்போகும் விஷயம் இது என்று உணராமல் போகலாம் என்று விசாரணைக் குழு அதே ஆண்டில் தன் அறிக்கையில் எழுதியது.

நம் ஸ்லைடுகளால் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் முக்கியமானதைக் கடைசி வரியில் புதைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. என்னுடைய பழைய ஸ்லைடு ஒன்றின் தலைப்பு 'பம்ப் பழுதுகள் - ஆய்வு முடிவுகள்'. கீழே ஆறு பம்புகள், பன்னிரண்டு மாதங்கள், 72 கட்டங்கள் கொண்ட அட்டவணை. கடைசி வரிசையில் இருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்துவிட்டார். அதையே இப்போது போட்டால் தலைப்பு இப்படி இருக்கும்: 'பழுதுகளில் பாதி மூன்றாம் பம்பில் மட்டும்'. கீழே ஆறு பட்டைகள். ஐந்து சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. வேறொன்றும் இல்லை. 72 கட்ட அட்டவணை எங்கே என்று கேட்பவருக்கு அச்செடுத்த தாள் என் பையில் இருக்கும்.

தலைப்பை முழு வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த ஸ்லைடில் சொல்ல ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் உங்கள் வாதம் முழுவதும் அதில் தெரிய வேண்டும். திரையில் இருப்பதையே வாய்விட்டுப் படிக்காதீர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும், அதுவும் உங்களைவிட வேகமாக.

அரங்கத்தில்

அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கடைசி வரிசையில் நீங்களே உட்கார்ந்து உங்கள் ஸ்லைடைப் பாருங்கள். எழுத்துத் தெரியவில்லை என்றால் அது சின்ன எழுத்து, அவ்வளவுதான்.

தமிழில் ஸ்லைடு போடுபவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், கூடவே பி.டி.எஃப். பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டருடன் இணைக்கும் கேபிளுக்கு உங்கள் லேப்டாப்பில் துளை இருக்கிறதா என்பதையும் முதல் நாளே பாருங்கள்.

பவர்பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விசைகள் போதும். ஸ்லைடு ஓடும்போது 'B' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். முக்கியமானதைச் சொல்லும்போது திரையை அணைத்துப் பாருங்கள், அத்தனை தலைகளும் உங்கள் பக்கம் திரும்பும். இரண்டாவது, ஸ்லைடின் எண்ணைத் தட்டி 'என்டர்' கொடுத்தால் நேரே அங்கே போய்விடலாம். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் 39க்கு ஒரு நொடியில் தாவியிருப்பேன். மூன்றாவது, 'ஷிப்ட்' விசையுடன் 'எஃப் 5'. இடையில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

பயம் போகாது. எனக்கு இன்றும் முதல் நிமிடத்தில் உள்ளங்கை ஈரமாகிறது. மனப்பாடமாக இருக்கும் நான்கு வாக்கியங்கள் அந்த நிமிடத்தைக் கடத்திவிடும். அந்த நான்கில் ஒன்றுகூட மன்னிப்பாக இருக்கக் கூடாது. "எனக்குப் பேசி அவ்வளவாகப் பழக்கமில்லை", "நேரம் போதவில்லை, சரியாகத் தயாராக முடியவில்லை" என்று தொடங்கினால் கேட்பவர் அப்போதே குறை தேட ஆரம்பித்துவிடுவார். வணக்கம் சொல்லி, இரண்டு நொடி நின்று, நேரே விஷயத்துக்கு வாருங்கள். ஒரு வாக்கியத்தை ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள், அடுத்ததை வேறொரு முகத்துக்கு. தலையாட்டுகிற ஒரே ஆளிடம் முழு உரையையும் ஒப்பித்துவிடும் ஆபத்து உண்டு. நான் செய்திருக்கிறேன், அவர் தப்பிக்க வழியில்லாமல் தவித்தார்.

உடல்மொழிப் பயிற்சியாளர்கள் சிலர், பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதியெல்லாம் குரலும் முகமும் என்பார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. ஒருவர் தன் விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும்போது சொல்லும் தொனியும் முகமும் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. மற்றப் பேச்சுக்கு அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கை எங்கே இருக்க வேண்டும் என்று கவலைப்படும் நேரத்தில் இன்னொரு முறை ஒத்திகை பாருங்கள்.

கேள்வி நேரம்

கேள்வியை முதலில் உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க ஐந்து நொடி கிடைக்கும், தவறாகப் புரிந்திருந்தால் கேட்டவரே திருத்திவிடுவார். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். "வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று நாளையும் சேர்த்துச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி என்ற பெயரில் உரையாற்றுபவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "நல்ல கருத்து ஐயா, முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுகிறேன்" என்று சொல்லி அடுத்தவரைப் பாருங்கள். சொன்னபடி போய்ப் பேசவும் வேண்டும்.

கேள்விகள் ஓடும்போது திரையில் 'நன்றி' என்ற சொல்லும் பூங்கொத்தும் நிற்க வேண்டாம். கூட்டத்திலேயே அதிக நேரம் திரையில் இருக்கப்போகும் ஸ்லைடு அதுதான். நீங்கள் முதலில் தாளில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அங்கே போட்டுவிடுங்கள். நன்றியை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.