ஈஈஜி தரவில் ஒரு எபோக்கும் மிஞ்சாதபோது

பைத்தானில் ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) தரவைக் கையாளத் தொடங்கும் இளநிலை நரம்பியல் மாணவர்கள் பலரும் சந்திக்கும் சிக்கல் இது: எம்என்இ (MNE) நூலகத்தில் பதிவை எபோக்குகளாக, அதாவது சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, அலைவீச்சு மிகுந்தவற்றைக் கழிக்க 100 மைக்ரோவோல்ட் வரம்பு வைத்ததும் அத்தனையும் கழிந்துவிடும். வரம்பை ஏற்றிப் பார்ப்பது வீண். முதலில் அலகைப் பாருங்கள். எம்என்இ எல்லாவற்றையும் வோல்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். சிஎஸ்வி கோப்பில் இருப்பதோ பெரும்பாலும் மைக்ரோவோல்ட். தரவை ஏற்றும்போதே 10 இலட்சத்தால் வகுத்தேன், எபோக்குகள் திரும்பின. வரிசைகள் சேனல்களாகவும் (ஒவ்வொரு மின்முனையின் பதிவு) நெடுவரிசைகள் நேர மாதிரிகளாகவும் இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். சிஎஸ்வியில் இது அடிக்கடி மாறியிருக்கும்.

பிறகும் நிறைய கழிந்தால், எந்தச் சேனல் காரணம் என்பதை டிராப் லாக் (கழிந்த எபோக்குகளின் பட்டியல்) வரைபடம் காட்டும். ஒரே சேனல் என்றால் பழுதெனக் குறித்து, மற்ற சேனல்களைக் கொண்டு இடைக்கணிப்புச் செய்யலாம். நெற்றிச் சேனல்கள் என்றால் அநேகமாகக் கண் சிமிட்டல்; அதற்கு ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கும் முறை). ஐசிஏவை 1 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கிய நகலில் பொருத்தி, கிடைத்த தீர்வை மூலப் பதிவில் பயன்படுத்துங்கள்.

வடிகட்டலை எபோக் வெட்டுவதற்கு முன், முழுப் பதிவிலேயே செய்யுங்கள். இதில் நான் கண்டிப்பு. 0.1 ஹெர்ட்ஸ் உயர்கடத்து வடிகட்டியின் (அதற்குக் கீழான மெதுவான அலைகளை நீக்குவது) இயல்பு நீளம் சுமார் 33 வினாடி. அதை ஒரு வினாடி எபோக்கில் போட்டால் அலைவடிவமே சிதைந்துவிடும்.