தாளைப் பார்த்துப் பேசிய வீடியோவில் கண்ணை மட்டும் திருத்துவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்றுப் பண்ணை வைத்திருக்கிறீர்கள், ஒட்டுக்கட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என்று ரகத்தையும் விலையையும் பக்கத்திலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னதால் கண் எங்கோ போகிறது. திரும்ப எடுக்க வேண்டியதில்லை. கேமராவைப் பார்த்துப் பேசுவதுபோல் ஏஐ மாற்றித் தரும்.

கண், இமை, மூக்கு இருக்கும் இடங்களைப் புள்ளி புள்ளியாகக் கண்டுபிடித்து, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கருவிழி எங்கே பார்க்கிறது என்று கணக்கிட்டு, கண் பகுதியை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அது புதிதாக வரைகிறது. தலையைத் திருப்பாது. அதனால் லேசாக விலகிய பார்வைதான் நன்றாகச் சரியாகும். நன்றாகக் குனிந்து படித்த இடத்தை மறுபடி எடுப்பதே மேல்.

படி 1: வீடியோவைத் துண்டு போடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை. வேர்ச்செடியைக் கத்தியால் பிளந்து ஒட்டுக்குச்சியைச் செருகும்போது உங்கள் கண் கையில்தான் இருக்க வேண்டும். அங்கேயும் கேமராவை முறைத்தால், பார்ப்பவருக்கு விரல் போய்விடுமோ என்று பதறும்! ஆகவே நேராகப் பேசும் பகுதிகளை மட்டும் செல்போனிலேயே வெட்டித் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். அப்லோடு செய்ய டேட்டாவும் மிச்சம்.

படி 2: செயலி. கம்ப்யூட்டர் இருந்தால் டிஸ்கிரிப்ட், செல்போன் மட்டும்தான் என்றால் கேப்ஷன்ஸ். என்விடியா பிராட்காஸ்ட் என்ற கம்ப்யூட்டர் செயலியிலும் 2023 ஜனவரியில் இந்த வசதி வந்தது. ஆனால் அது நேரடி கேமராவுக்கானது, கம்ப்யூட்டரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு அதைத் தேடிப் போகாதீர்கள்.

படி 3: டிஸ்கிரிப்டில் புது புராஜெக்ட் திறந்து துண்டை ஏற்றுங்கள். வீடியோவைத் தேர்வு செய்து, எஃபெக்ட் பட்டியலில் ‘ஐ காண்டாக்ட்’ (Eye Contact) என்பதைப் போடுங்கள். பட்டியல் இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கண்ணில் படவில்லையென்றால் அந்தப் பெயரைத் தேடுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

படி 4: ஒலியை நிறுத்திவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். இமைக்கும்போது துடிக்கிறதா? தலை திரும்பும்போது பார்வை சட்டென்று தாவுகிறதா? மூக்குக்கண்ணாடியின் பளபளப்பும், மாமரத்தடியில் முகத்தில் ஆடும் இலை நிழலும் ஏஐயைத் தடுமாற வைக்கும். கெட்டுப்போன சில வினாடிகளில் முகத்துக்குப் பதில் கன்று, காய் காட்டும் காட்சியைப் போட்டு மறைத்துவிடலாம், குரல் பின்னால் ஓடட்டும்.

படி 5: திருத்திய துண்டுகளை ஏற்றுமதி செய்து, ஒட்டுக்கட்டும் காட்சிகளோடு பழைய வரிசையில் சேருங்கள். எடுத்த வீடியோவின் தெளிவு (ரெசல்யூஷன்) 1080பி என்றால் ஏற்றுமதியும் 1080பியாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் துண்டுக்குத் துண்டு தெளிவு மாறி, ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். இலவசக் கணக்கில் நேரக் கட்டுப்பாடும் வாட்டர்மார்க்கும் இருக்கலாம், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் பேசுவது உங்கள் பண்ணையில் வேலை செய்யும் அண்ணன், அக்கா யாராவது என்றால், முகத்தைச் செயலியில் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மூல வீடியோவை அழிக்க வேண்டாம்.