பெரிய எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. ஒலிம்பியாட் போட்டிக்குத் தயாராகும் உயர்நிலைப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தால் இரட்டைப்படையா, 5ஆல் வகுபடுமா என்பதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. மாணவனாக இருந்தபோது நான் சறுக்கிய இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

கணினியில் போட்டதும் தாளைத் தள்ளிவைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

9007199254740993. பதினாறு இலக்கம். இதை எக்செலில் ஒட்டிய பையன், "சார், டென்னால டிவைட் ஆகுது" என்றான். தாளில் 3 என்று முடியும் எண் எப்படியப்பா பத்தால் வகுபடும்? எக்செல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். பதினாறாவதைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். இலக்கங்களைக் கூட்டி 3ஆல் வகுபடுகிறதா என்று சரிபார்த்தாலும் பிழை பிடிபடாது: தாளில் உள்ளதன் கூட்டுத்தொகை 78, எக்செலில் 75, இரண்டுமே வகுபடும்.

பக்கத்தில் இருந்த பெண் பைத்தான்காரி, அந்த நிரல்மொழியில்தான் கணக்குப் போடுவாள். பைத்தான் முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் அப்படியே வைத்திருக்கும். ஆனால் அவள் சாய்கோடு போட்டு 2ஆல் வகுத்தாள். வந்த விடை 4503599627370496.0. ஆக, இது இரட்டைப்படை எண்ணாம்! சாய்கோட்டு வகுத்தலின் விடை தசம எண்ணாக வரும், அதன் இலக்கங்களுக்கு உள்ளே 53 பிட் (இரும இலக்கம்) தான் இடம். கடைசி அரைக்கு இடம் இல்லாததால் அது காணாமல் போனது. திரும்ப 2ஆல் பெருக்கினால் நம் எண்ணில் ஒன்று குறைந்திருக்கும். சதவீதக் குறியைப் போட்டு மீதி கேட்டிருந்தால் 1 என்று சரியாகச் சொல்லியிருக்கும்.

"ஒண்ணுதானே சார் வித்தியாசம்" என்று வேறு சொல்கிறார்கள். தூரத்தையோ எடையையோ அளந்தால் அந்த ஒன்று பொருட்டே இல்லை, சரி. காரணிகளில் அப்படி இல்லை. அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு 1ஐத் தவிர பொதுக் காரணியே கிடையாது. நம் எண்ணில் ஒன்றைக் குறைத்தால் 2இன் 53ஆம் அடுக்கு: பகாக்காரணி 2 மட்டும், வகுப்பான்கள் 54. நம் எண்ணோ 3 × 107 × 28059810762433. மூன்றும் பகா எண்கள், வகுப்பான்கள் 8. அந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு இரண்டு மணிநேரம் போட்ட கணக்கு முழுக்க வேறோர் எண்ணின் கணக்கு.

ஒட்டியதும் கடைசி மூன்று இலக்கங்களைத் தாளோடு ஒப்பிடுங்கள். எக்செல்தான் வேண்டுமென்றால் கட்டத்தை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அதில் கணக்குப் போட முடியாது, ஆனால் எண்ணாவது பிழைக்கும்.

வர்க்கமூலத்தைத் தாண்டியும் வகுத்துப் பார்ப்பது

வேண்டாம். அதற்குள் காரணி கிடைக்கவில்லை என்றால் அப்புறமும் கிடைக்காது.

ஒரு சோதனையில் தேறியதும் பகா எண் என்று அறிவிப்பது

பெர்மாவின் தேற்றத்தை (p பகா எண் என்றால், pஆல் வகுபடாத எந்த எண்ணின் p−1ஆம் அடுக்கையும் pஆல் வகுத்தால் மீதி 1) படித்த வாரத்தில் எல்லோரும் செய்வது. 2இன் 340ஆம் அடுக்கை 341ஆல் வகுத்தால் மீதி 1, பகா எண்ணுக்கு வரவேண்டியது போலவே. ஆனால் 341 என்பது 11 × 31. அடியை 3 என்று மாற்றினால் மீதி 56 வந்து குட்டு உடைந்துவிடும். 561 இன்னும் மோசம்: 3 × 11 × 17, ஆனால் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் தேறிவிடும். இதையே இன்னும் கடுமையாக்கிய மில்லர்–ராபின் சோதனை, அடி 2இலேயே இதைப் பிடித்துவிடும்.

மெர்சென் வடிவம் என்றாலே பகா எண் என்பது

2இன் ஓர் அடுக்கில் 1 குறைத்தால் வருவது மெர்சென் வடிவம். 2047ஐப் பாருங்கள், அதாவது 2இன் 11ஆம் அடுக்கில் 1 குறைவு. 23 × 89.