சேமிக்காத ஃபைலுக்குத் தலைப்பில் நட்சத்திரம்

மதுரை டிடிபி கடையில் சித்திரைத் திருவிழா நோட்டீஸ் அடிக்கும்போது கரண்ட் போனால், எந்த ஃபைலைச் சேமிக்கவில்லை என்று ஜன்னல் தலைப்பு முன்பே காட்டியிருக்க வேண்டும். ஜன்னல், பட்டன் உள்ள மென்பொருள் எழுத உதவும் கியூட்டி (Qt) என்ற நிரல் நூலகத்தில் எடிட்டர் எழுதுவோருக்கு இதற்கு அதிக வேலையில்லை.

தலைப்பை ‘நோட்டீஸ்[*] - எடிட்டர்’ என்று வையுங்கள். [*] இருக்கும் இடத்தில், மாற்றம் இருந்தால் மட்டும் விண்டோஸிலும் லினக்ஸிலும் நட்சத்திரம் தெரியும். மேக்கில் சிவப்பு மூடும் பட்டனுக்குள் புள்ளி வரும். [*] போட மறந்தால் நட்சத்திரம் வராது, கன்சோலில் எச்சரிக்கை மட்டும் வரும்.

அடுத்து, டாக்குமெண்டின் ‘மாடிஃபிகேஷன் சேஞ்ச்ட்’ சிக்னலை (ஒன்று நடந்ததை அறிவிக்கும் செய்தி) ஜன்னலின் ‘செட் விண்டோ மாடிஃபைட்’ ஸ்லாட்டோடு (அந்தச் செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இணையுங்கள். பலர் ‘டெக்ஸ்ட் சேஞ்ச்ட்’ சிக்னலைப் பிடித்து ‘ட்ரூ’ போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. ஓர் எழுத்தை அடித்து அன்டூ செய்தாலும் நட்சத்திரம் போகாது. முதல் சிக்னலை இணைத்திருந்தாலோ, அன்டூவில் கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பியதும் நட்சத்திரம் தானே அணைந்துவிடும்.

சேமிப்பு முடிந்ததும் டாக்குமெண்டின் ‘செட் மாடிஃபைட்’டுக்கு ‘ஃபால்ஸ்’ கொடுங்கள். ஆனால் டிஸ்கில் எழுதியது வெற்றி என்று உறுதியான பிறகே. பென்டிரைவைப் பாதியில் உருவுகிறவர்கள் ஏராளம். ‘சேவ் ஆஸ்’ செய்தால் புதுப் பெயரோடு தலைப்பை மறுபடி வைக்கும்போது [*] விட்டுப்போகாமல் பாருங்கள்.