வீட்டு மில்லிங் மெஷினுக்கு வைஸ் வாங்கும் முன் தாடை எழும்புகிறதா என்று பாருங்கள்

சின்ன மில்லிங் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது, கையில் இருநூறு முந்நூறு சிங்கப்பூர் வெள்ளிதான் மிச்சம், ஜாப்பை, அதாவது வெட்டப்போகும் துண்டை, இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்க எந்த வைஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அகலத்தையும் பளபளப்பையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இறுக்கும்போது ஜாப் மேலே எழும்புகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

என் முதல் வைஸ் டிரில்லிங் மெஷினுக்குச் செய்தது. விலை குறைவு, எடையும் குறைவு, அதனால் வாங்கிவிட்டேன். ஓர் அலுமினியக் கட்டையை நான்கு பக்கமும் மில் செய்து மைக்ரோமீட்டரில் அளந்தால் ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 0.15 மி.மீ. வித்தியாசம். இரண்டு வாரம் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன், ஹெட்டைக் கழற்றி மறுபடி நேராக்கினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில், நுண்ணிய உயர மாற்றத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை ஜாப்பின் தலையில் வைத்து வைஸை இறுக்கிப் பார்த்தபோது முள் என் கண்ணெதிரே ஏறியது.

காரணம் எளிது. திருகு நகரும் தாடையைக் கீழ்ப்பக்கத்தில் தள்ளுகிறது, ஜாப்போ அதற்கு மேலே இருந்து எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தாடை அண்ணாந்து பார்ப்பதுபோல் பின்னால் சாய்கிறது, அதன் முன்முகம் மேலே எழும்பும்போது ஜாப்பையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. தாடைக்கும் தடத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்களோ அவ்வளவுக்கு இந்தத் தூக்கல் இருக்கும். துளை போடும்போது விசை கீழ்நோக்கியே போவதால் டிரில் வைஸில் இது பெரிதாகத் தெரியாது. மில்லிங்குக்கான என்ட் மில் கட்டர் பக்கவாட்டிலும் இழுக்கும், சுருள் வெட்டுள்ள கட்டர் ஜாப்பை மேல்நோக்கியும் இழுக்கும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

இதைச் சரிசெய்த வைஸ்களில் நம் பட்ஜெட்டுக்கு இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, அமெரிக்காவின் கர்ட் நிறுவனம் ஆங்லாக் என்ற பெயரில் பிரபலமாக்கிய அமைப்பு. திருகு தாடையை நேராகத் தள்ளாது, உள்ளே ஒரு சாய்வான முகத்தில் உட்கார்ந்த பாதி உருண்டை வழியாகத் தள்ளும், அதனால் முன்னே போகும் விசையில் ஒரு பங்கு கீழே அழுத்துவதாக மாறிவிடும். அசல் கர்ட் நம் பட்ஜெட்டுக்குள் வராது, ஆனால் அதே அமைப்பில் தைவானிலும் சீனாவிலும் செய்கிறார்கள். தைவான் வெர்டெக்ஸ் என் கைக்குத் திருப்தியாக இருந்தது. சீன நகல்களில் அமைப்பு சரியாகவே இருக்கும், குறை பெரும்பாலும் ஃபினிஷிங்கில்தான், அதை வீட்டிலேயே தேற்றலாம்.

இன்னொன்று திருகுத்தண்டு இல்லாத டூல்மேக்கர் வைஸ். அடியில் வரிசையாகக் குழிகள், அதில் ஒரு குறுக்குக் கம்பி, சாய்வாக ஒரு போல்ட். ஆலன் கீயால் இறுக்கினால் தாடை முன்னேயும் கீழேயும் ஒரே சமயத்தில் இழுபடும். எல்லாப் பக்கமும் கிரைண்ட் செய்திருப்பதால் பக்கவாட்டில் படுக்க வைத்தும் வேலை செய்யலாம். மலிவான விலையிலும் துல்லியம் நன்றாக இருப்பது இந்த வகையில்தான். தொந்தரவு என்னவென்றால் ஜாப்பின் அகலம் மாறும்போதெல்லாம் கம்பியை வேறு குழிக்கு மாற்ற வேண்டும். ஒரே நாளில் பத்து விதமான துண்டுகள் கட்டுகிறவருக்கு இது எரிச்சல். மாதத்துக்கு நான்கு வேலை செய்கிறவருக்கு இதுவே போதும், சின்ன மெஷின் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அளவைப் பற்றி. சீக் எக்ஸ்2 போன்ற சின்ன மெஷினில் டேபிள் அகலமே சுமார் 90 மி.மீ.தான். அதில் 4 இன்ச் வைஸை ஏற்றினால் கைப்பிடி முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கம் தூணில் இடித்து, டேபிளின் முன்பின் (ஒய்) நகர்வில் பாதியைத் தின்றுவிடும். 3 இன்ச் வாங்குங்கள். அதைவிடப் பெரிய எக்ஸ்3 அளவுக்கு 4 இன்ச், ஆர்எஃப்-45 போன்ற பெரிய மெஷினுக்கு 5 அல்லது 6. உயரத்தையும் கூட்டிப் பாருங்கள்: வைஸ் 80, ஜாப் 40, டிரில் பிட் 100, அதைப் பிடிக்கும் சக் 80 என்றாலே 300 மி.மீ. ஆகிவிட்டது, உங்கள் ஸ்பிண்டிலுக்குக் கீழே அவ்வளவு இடம் இருக்கிறதா? சுழலும் அடிப்பாகம் சேர்த்துக் கொடுத்தால் அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். உயரத்தை விழுங்கி உறுதியையும் குறைக்கிற அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது? ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கையால் தொட்டுப் பார்க்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். இணையத்தில் வாங்கினால் எடைக்கான கப்பல் கட்டணத்தையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிக்கும் வரி உண்டு, பழைய கணக்கு இப்போது எடுபடாது. வீவக வீட்டில் இருப்பவர்கள் தள்ளுவண்டி ஒன்றைத் தயாராக வையுங்கள், 4 இன்ச் வைஸே 15 கிலோவை நெருங்கும்.

காக்கி புக்கிட், ஊபி பக்கம் பட்டறை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். பழைய வைஸின் தளத்தில் டிரில் விழுந்த பள்ளங்கள் இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். பள்ளம் அளவைக் கெடுக்காது, பள்ளத்தைச் சுற்றி எழும்பி நிற்கும் பிசிறுதான் கெடுக்கும், அது எண்ணெய்க்கல்லில் (எண்ணெய் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல்) தேய்த்தால் போய்விடும். திருகில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பரவாயில்லை. விரிசல் இருந்தால் மட்டும், குறிப்பாக போல்ட் மாட்டும் காதுகளில் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இப்போது சோதனை, கடையிலேயே செய்யலாம். இரண்டு பேரலலும் (ஒரே உயரத்துக்குக் கிரைண்ட் செய்த எஃகுப் பட்டைகள்) நேர்த்தியாகக் கிரைண்ட் செய்த ஒரு கட்டையும் கொண்டு போங்கள். பேரலல்களைத் தாடைக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே கட்டையை வைத்து, வழக்கமான பலத்தில் இறுக்குங்கள், பிறகு விரல் நுனியால் ஒவ்வொரு பேரலலையும் பக்கவாட்டில் தள்ளுங்கள். நல்ல வைஸில் இரண்டும் கவ்விக்கொண்டு அசையாது. நகரும் தாடைப் பக்கத்துப் பேரலல் வழுக்கிக்கொண்டு வந்தால் கட்டை அந்தப் பக்கம் எழும்பிவிட்டது என்று அர்த்தம். நைலான் சுத்தியலால் கட்டையை ஒரு தட்டுத் தட்டி மறுபடி தள்ளிப் பாருங்கள். தட்டியும் நிற்காவிட்டால் வேறு வைஸ் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் டயல் வைத்துப் பார்க்கும்போது 0.02 மி.மீ.க்குள் எழும்பினால் எனக்குச் சம்மதம், 0.05 தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

புது வைஸை அப்படியே மெஷினில் ஏற்றாதீர்கள். முழுக்கக் கழற்றுங்கள். என் சீன வைஸின் நட்டுக்குள் வார்ப்பு மணலும், தாடைத் தகட்டுக்குப் பின்னால் காய்ந்த பெயிண்ட் கட்டியும் இருந்தன, அந்தப் பெயிண்டைச் சுரண்டி எடுத்த உடனேயே நிலைத்தாடை நேராகிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, அடிப்பக்கத்தில் எண்ணெய்க்கல்லை லேசாக ஓட்டி, பாதி உருண்டைக்குக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஆங்லாக் வகையில் நகரும் தாடையின் பின்னால் ஒரு சின்ன செட் ஸ்குரூ இருக்கும், அதை முட்டும்வரை திருகிக் கொஞ்சம் பின்வாங்குங்கள். அது தளர்ந்து கிடந்தால் உருண்டை இடம் மாறிக் கீழிழுக்கும் வேலையே நடக்காது.

அப்புறம் துரு. இந்த ஊர் ஈரத்தில், கிரைண்ட் செய்த முகத்தில் வியர்வைக் கையை வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலை உங்கள் ரேகையே பழுப்பாகப் பதிந்திருக்கும். வேலை முடிந்ததும் துணியில் மெஷின் எண்ணெய் தொட்டு தாடை, தளம், அடிப்பக்கம் மூன்றையும் துடையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் மெஷினைத் தொடப் போவதில்லை என்றால் வைஸைக் கழற்றி அடியில் எண்ணெய் தடவி வையுங்கள், டேபிளுக்கும் வைஸுக்கும் நடுவில் சிக்கிய ஈரம்தான் இரண்டையும் சேர்த்து அரிக்கும்.