டெஸ்லா சுருளுக்குப் பத்து கெப்பாசிட்டர்: மலைநாட்டில் கட்டும் முறை

டெஸ்லா சுருள் என்பது உயர் வோல்டேஜில் மின்பொறி பறக்கவிடும் கருவி. அதற்கு மின்னைச் சேர்த்துப் பாய்ச்சுவது கெப்பாசிட்டர் வரிசை. இங்குள்ள கணக்கு 9000 வோல்ட், 30 மில்லியம்பியர் நியோன் விளக்கு ட்ரான்ஸ்போமருக்கு உரியது. இரும்பு உள்ளகம் கொண்ட பழைய வகை வேண்டும். இப்போது வரும் இலேசான இலெக்ட்ரோனிக் வகை சரிவராது. அந்த 30 மில்லியம்பியர் ஆளைக் கொல்லும். மின்வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிளக்கைச் செருக வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் கெப்பாசிட்டர் அட்டவணைகளில் பல அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குப் போட்டவை. இலங்கையில் நமக்கு 50. அதனால் ஒத்ததிர்வு அளவு, அதாவது ட்ரான்ஸ்போமரோடு ஒத்து அதிரும் கெப்பாசிட்டர் அளவு, 8.8 அல்ல, 10.6 நனோபரட். அதே அளவைப் போட்டால் வோல்டேஜ் எகிறி ட்ரான்ஸ்போமரின் உட்காப்பைத் துளைத்துவிடும். ஒன்றரை மடங்குக்குக் கிட்டப் போடுங்கள்.

0.15 மைக்ரோபரட், 2000 வோல்ட் டீசீ பொலிப்ரொப்பிலீன் பத்தைத் தொடராக இணைத்தால் 15 நனோபரட், 20,000 வோல்ட். கோர்னெல் டுபிலியரின் 942சி வகை இதற்குப் பேர்போனது. மைக்ரோவேவ் அடுப்பில் கழற்றிய கெப்பாசிட்டரும் மைலார் (பொலியெஸ்டர்) வகையும் மலிவுதான். ஆனால் உயர் அதிர்வெண்ணில் சூடேறி வீங்கும்.

மரப்பலகையில் பொருத்தாதீர்கள். நுவரெலியாப் பனிமூட்டத்தில் மரம் ஈரத்தைக் குடிக்கும். மேற்பரப்பில் மின் ஊர்ந்து கருங்கோடு விழும். கரி மின்னைக் கடத்துவதால் அடுத்த தடவையும் அதே கோட்டில்தான் பாயும். காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகை போதும்.

பத்தையும் ஏணிப்படி போல, ஒரு சென்ரிமீற்றர் இடைவிட்டு அடுக்கி, கால்களை வளைந்து வளைந்து செல்லும்படி இணையுங்கள். வரிசையை நடுவில் மடித்து 'ப' வடிவில் வைத்தால் தொடக்கமும் முடிவும் அருகருகே வந்து, முழு வோல்டேஜும் அங்கேயே பாய்ந்துவிடும். ஈயம் வைத்த இடம் உருண்டையாக இருக்கட்டும். முள் போல நின்றால் அதன் நுனியிலிருந்து மின் கசியும்.

ஒவ்வொன்றின் குறுக்கேயும் சுமார் 10 மெகாஓம் வடிகால் (மிஞ்சிய மின்னை வடிக்கும் ரெசிஸ்டர்) தேவை. அரை வாட் ரெசிஸ்டர் பலவும் 350 வோல்ட் வரைதான் தாங்கும், ஆகவே 2.2 மெகாஓம் ஐந்தைத் தொடராகப் போடுங்கள், மொத்தம் ஐம்பது. சலிப்பான வேலைதான், விட்டுவிட முடியாது. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் பொறுத்தபின், காப்பிட்ட கோலால் இரு முனையையும் ஷோர்ட் செய்துவிட்டே கை வையுங்கள்.

கட்டி முடித்ததும் மொத்தத்தை மல்டிமீற்றரில் அளந்து எழுதிவையுங்கள். பின்னொரு நாள் 15 இருந்த இடத்தில் 16.7 காட்டினால் ஒன்று உள்ளே ஷோர்ட். மற்ற ஒன்பதும் அதன் பங்கைச் சுமக்கின்றன.

தீப்பொறி இடைவெளியை (பொறி பாயும் இரு உலோக முனைகள்) ட்ரான்ஸ்போமரின் இரு முனைக்கும் நேரே குறுக்காகப் போட்டு, கெப்பாசிட்டர் வரிசையையும் முதன்மைச் சுருளையும் தொடராக அந்த இடைவெளியின் குறுக்கே இணையுங்கள். இடைவெளிக்குக் கொழும்பில் சொல்லும் மில்லிமீற்றர் அளவு இங்கே பொருந்தாது. சுமார் 1870 மீற்றர் உயரத்தில் காற்று மெலிது, பொறி முந்திக்கொள்ளும். கெப்பாசிட்டரை இணைக்காமல், ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டுங்கள்; பொறி நின்ற இடத்திலிருந்து ஒரு மயிரிழை நெருக்குங்கள்.

இரண்டாம் சுருளின் அடிமுனைக்குத் தனி எர்த் கம்பி அடியுங்கள், வீட்டு எர்த் வேண்டாம். லயக்காம்பராவுக்குள் (தோட்ட வரிசை வீட்டறைக்குள்) ஓட்டவே கூடாது: முழு லயத்துக்கும் ஒரே தகரக்கூரை, பொறி அதில் தொட்டால் பக்கத்து வீட்டு வயரிங் வரை போகும்.